வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தம்

ஜூன் 3
மேலிடத்திலிருந்து படிவம் வந்துவிட்டது. குறைந்த விலை வீடுகள் வரவிடாமல் தடுக்கும் விதிகளை நகராட்சி நீக்கினால் அரசு நிதி தருமாம். எந்த விதி, ஏன் வந்தது என்று எழுத வேண்டும். திட்டப் பிரிவில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் என்பதால் கமிஷனர் என் தலையில் கட்டிவிட்டார். பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 5
பதினான்காம் விதி: வீட்டுக்கு ஒரு கார் நிறுத்த இடம் கட்டாயம். எங்கள் தெருவுக்குப் பின்னால் காலி மனையில் அறுபது சின்ன வீடுகள் வருவதாக இருந்தது. இந்த விதி வந்த பிறகு கணக்குப் போட்டால் இருபதுகூடத் தேறவில்லை. திட்டமே படுத்துவிட்டது.

ஏன் வந்தது? கோப்பைத் திறக்காமலே தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெருக்காரர்கள் கொடுத்த மனு. முதல் கையெழுத்து என் கணவருடையது. எழுதிக் கொடுத்தது நான். "இந்த மாதிரி ஆளுங்க பக்கத்துல வேண்டாம்னு எழுதினா எடுபடாது, பார்க்கிங்னு எழுதுங்க" என்று யோசனை சொன்னதும் நான்தான். உள்ளே வேலை பார்க்கிறவளின் மூளை!

ஜூன் 6
ஆய்வுக்குப் போகும்போது ஆபீஸ் டிரைவர் அந்த மனையைக் காட்டினார். "இங்க வீடு வருமா மேடம்? வந்தா முதல் ஆளா ஃபார்ம் போடுவேன். இப்ப ஒரே ரூம். பொண்ணு மாடிப்படியில உட்கார்ந்து படிக்கிறா."

நாள் முழுக்க ஜீப் ஓட்டுகிறவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. கார் நிறுத்த இடமில்லை என்று அவருக்கு வீடில்லை. "பார்க்கலாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 9
கணவர்: "பழைய ஃபைலை யாரு தூசி தட்டப் போறா? நீ பாட்டுக்கு சும்மா இரு."

ஜூன் 10
எழுதிவிட்டேன். "காரணம்: ஆவணங்களில் கிடைக்கவில்லை."

ஜூன் 24
கமிஷனர் பதினான்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். "ஏன் வந்ததுன்னே தெரியாத விதியை எப்படி எடுக்கிறது? நாளைக்கு யாராவது கேஸ் போடுவாங்க. இது இருக்கட்டும், மத்ததை அனுப்புங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஜீப்பில் டிரைவர் "என்னாச்சு மேடம், முகமே சரியில்லையே?" என்றார். தலைவலி என்றேன். பொய் என்ன சரளமாக வருது எனக்கு! அடிப்பாவி — ஒரு மனுஷன் வீட்டை எத்தனை தடவைடி இடிப்ப?

ஜூன் 25
மனுவைக் கமிஷனர் மேஜையில் வைத்தேன். கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விதியை எடுக்கிறதுக்கு முன்னாடி மக்கள் கருத்துக் கேட்கப் பொதுக் கூட்டம் வைக்கணும், அதுல நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

ஜூலை 8
சொன்னேன். கார் ஒரு சாக்கு, ஏழைகள் பக்கத்தில் வரக் கூடாது என்பதுதான் விஷயம், அதற்கு நல்ல வார்த்தை தேடிக் கொடுத்தவள் நான். தெருக்காரர்கள் எழுந்து கத்தினார்கள். "இப்பவும் அதைத்தான் சொல்றோம், அவங்க வேண்டாம்!" எதிர்வீட்டு அக்கா, "கூட இருந்தே குழி பறிச்சிட்டியே" என்றாள்.

கதவோரம் டிரைவர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

ஜூலை 11
வீட்டில் மூன்று நாளாகப் பேச்சில்லை. சோறு மட்டும் இறங்குகிறது.

ஆகஸ்ட் 19
பதினான்காம் விதி நீக்கம். நிதியும் வந்துவிட்டது. அறுபது வீடு.

செப்டம்பர் 2
விண்ணப்பம் அச்சாகி வந்தது. முதல் பிரதியை டிரைவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"வேண்டாம் மேடம்."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "என் பொண்ணு அந்தத் தெரு வழியாத்தானே ஸ்கூலுக்குப் போகணும்? எங்களைப் பத்தி அங்க என்ன நினைக்கிறாங்கன்னு அன்னைக்கு என் காதாலயே கேட்டேன். தெரியாம இருந்திருந்தா சந்தோஷமா வந்திருப்பேன்."

பிறகு வழக்கம்போல எனக்காக ஜீப் கதவைத் திறந்தார். ஏறி உட்கார்ந்தேன்.