பேனர் மாமாவின் சிபாரிசு

நெல்லித்தோப்பு,
3 ஜூன் 2024

என் அக்கா பெற்ற உலக நீதிமன்றமே, மெரினே!

மனித உரிமை, ஆட்சிமுறை வல்லுநர்கள் கூட்டமைப்பில் நீ சேர, உன் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதித் தரணும் என்றாயே? வியாபாரிகள் சங்கச் செயலாளர் நான் எதற்கு இருக்கிறேன்! நேற்றே அனுப்பிவிட்டேன். தவளக்குப்பத்தில் ரோட்டை அகலமாக்கியபோது பதினாயிரம் கடைகளுக்கு நீ மாற்று இடம் வாங்கியது, நீ பேச எழுந்ததும் கடலூர் பஸ்ஸெல்லாம் தானாக நின்றது, ஒன்றையும் விடவில்லை. என் பேனர் கடையில் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இப்படி அச்சடித்ததில்லை. உன் அத்தை படிச்சுட்டு, "இது நம்ம பொண்ணா, வேளாங்கண்ணி மாதாவா?"ன்னா.

இப்படிக்கு,
உன் புகழால் தூக்கம் கெட்ட
மிக்கேல் மாமா

*

டெல்லி,
12 ஜூன்

அன்புள்ள மாமாவுக்கு,

கூட்டமைப்பிலிருந்து போன் வந்தது. "பதினாயிரம் கடையா?" என்றார்கள். நாற்பது என்றேன். உங்கள் கடிதத்தை ஒதுக்கிவிட்டார்கள். நான் எழுதும் அறிக்கையை நம்பி எங்கேயோ ஒரு ஊர் முடிவெடுக்கும், மாமா. அதில் பேனர் வாசகம் ஆகாது.

இருபதாம் தேதிக்குள் வேறு கடிதம் கேட்கிறார்கள். அதுவும் சொதப்பினால் அவ்வளவுதான். நடந்ததை மட்டும் எழுதுங்கள். சொந்தக்காரர் என்பதையும் சொல்லிடுங்கள்.

கோபமில்லை. கொஞ்சம் இருக்கு.

மெரின்

*

நெல்லித்தோப்பு,
16 ஜூன்

மெரினுக்கு,

அனுப்பியது இதுதான்:

"மெரின் என் அக்கா மகள். ரோட்டோரம் நாற்பது கடைகள் இருந்தன. முப்பத்திநாலுக்கு இடம் கிடைத்தது. ஆறு பேருக்குக் கிடைக்கவில்லை. அதை அவர்களிடம் போய்ச் சொல்ல எங்கள் சங்கத்தில் யாருக்கும் தைரியம் வரவில்லை. மெரின் போனாள். மீன் விற்கும் வீராயி வாய்க்கு வந்தபடி திட்டினாள். மெரின் யார்மேலும் பழி போடவில்லை. நாளைக்குக் கிடைச்சிடும் என்றும் சொல்லவில்லை. மறுநாளும் போனாள்."

மாமா

*

டெல்லி,
1 ஜூலை

அன்பு மாமா,

அந்த ஆறு பேரை நான் விண்ணப்பத்தில் எழுதவே இல்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும், முடிந்தது கதை என்று நினைத்தேன். நேர்காணல் முழுக்க வீராயியைப் பற்றித்தான் பேச்சு. இப்போது எங்கே விற்கிறார் என்று கேட்டார்கள். கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக என்றேன்.

சேர்த்துக்கொண்டார்கள், மாமா! முதல் வேலை, தூர தேசத்தில் ஒரு மீன் சந்தையை இடம் மாற்றுவது. அதற்கு முன்னால் ஊருக்கு வந்து வீராயியைப் பார்க்கணும்.

ஒன்று கேட்கணும். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு பொய்கூட இல்லாத கடிதத்தைப் பார்த்து பயந்தே போய்ட்டேன். உடனே எழுதுங்கள், பழையபடி.

மெரின்

*

நெல்லித்தோப்பு,
5 ஜூலை

அகில உலகமும் ஆசையோடு அழைக்கும் என் மருமகளே!

நீ வரும் சேதி கேட்டு நம்ம கடல் பத்தடி பின்வாங்கி வழிவிட்டு நிற்கிறது. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் தானாகவே தராசில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. நேரு வீதி முழுக்க உன் பேனர்தான், வெயில் தரையில் விழவில்லை.

வீராயியிடமும் சொன்னேன். கூடையை இறக்கவில்லை. "வரட்டும், இன்னும் ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு"ன்னா.

இது மட்டும் கூட்டிச் சொன்னதில்லை. சீக்கிரம் வா.

மிக்கேல் மாமா