கியர் மேல் உட்கார்ந்த குளவி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் சளி விட்டதா? நீ அங்கே நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும், இங்கே எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. நாங்களும் இருக்கிறோம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், இதை அவர் காதுபடச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். சித்தி போன வாரம் வந்து சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தலைகீழாக்கிவிட்டுப் போனாள், சர்க்கரை டப்பா இன்னும் கிடைக்கவில்லை. சர்க்கரையில்லாத காபியைக் குடித்துவிட்டு, உன் தங்கச்சி எனக்குப் பத்தியம் வெச்சிட்டுப் போயிருக்காடி என்கிறார் அப்பா. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. பக்கவாதத்தில் போன பேச்சும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன, நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிற அந்தக் கைதான் பாக்கி. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, உணர்ச்சி வருது என்று அவர் சொன்னதைத்தான் நானும் உனக்குச் சொல்லிவந்தேன். அதை நம்பித்தான் இத்தனை மாதமும் சமைத்தேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சிகிச்சைக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். இப்போது நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பாலத்தில் ஏறிய பிறகு எங்கிருந்தோ ஒரு குளவி என் முகத்துக்கு நேரே பறந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், நிறுத்த வழியில்லை. எனக்குக் குளவி என்றால் எவ்வளவு பயம் என்று உனக்கே தெரியும், ஒரு தடவை கொட்டியே முகம் பானையாய் வீங்கியவள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ரோட்டைப் பாரு, பூச்சியை நான் பார்த்துக்கறேன் என்றார். கண்ணாடியை இறக்கினார், அது போகாமல் சுற்றிச் சுற்றி வந்து கியர் மேல் உட்கார்ந்தது. நான் கியர் மாற்றக் கை வைக்கப் போன நேரம். அவர் நல்ல கையால் தன் முடியாத கையைத் தூக்கி, ஒரு மூட்டையை வைப்பது போல, குளவி மேல் வைத்து அழுத்திக்கொண்டார். நீ ஓட்டு, புடிச்சிட்டேன் என்றார். பாலம் முழுக்க அதே கியரில் வண்டி முனகிக்கொண்டே போனது, பின்னால் இருந்தவர்களெல்லாம் ஹாரனிலேயே என்னைத் திட்டினார்கள்.

பாலம் இறங்கியதும் ஒரு டயர் கடை ஓரம் நிறுத்தி அந்தக் கையை நான்தான் தூக்கினேன். உள்ளங்கையில் இரண்டு இடத்தில் சிவந்து, பார்க்கப் பார்க்க வீங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் எதுவும் இல்லை. என்னைப் பார்த்து, கொட்டிச்சா என்று கேட்டார். என்னைக் கேட்டார், சிட்டு. கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது போல, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அதற்குள் டயர் கடைக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார், ரொம்ப வலிக்குதா சார் என்றார். ஆமாங்க, உயிர் போகுது என்று அப்பா முகத்தைச் சுளித்துக் காட்டினார். கடைக்காரருக்காகச் சுளிக்கவில்லை, எனக்காக. நான் தண்ணீர் பாட்டில் தேடுவது போல வண்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன், கேட்கவில்லை. சிகிச்சை தரும் பெண் அவரைக் கண்ணை மூடச் சொல்லி ஊசிமுனையால் விரல்களைத் தொட்டுப் பார்ப்பாள். அன்றைக்குத்தான் கவனித்தேன், தொடும்போதெல்லாம் அவளை அறியாமலே "இப்போ?" என்கிறாள், அதைக் கேட்டுத்தான் இவர் "ம்" என்கிறார். இத்தனை நாளும் அப்படித்தான். அடுத்த முறை அவளைத் தனியாகப் பார்த்துச் சொல்வேன், சிகிச்சைக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். அவரிடம் மட்டும் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. நம் இரண்டு பேரையும் ஏமாற்ற அவர் பட்டிருக்கும் பாட்டை நினைத்தால் கோபமே வரவில்லை, அழுகைதான் வருகிறது.

அப்பா உன்னிடம், நான் தேறியதும் நானே கார் ஓட்டிக்கிட்டு வந்து உன்னைக் கூப்பிட்டுக்கறேன், அதுவரைக்கும் லீவைச் சேர்த்து வை என்று சொல்லியிருக்கிறாராமே. அந்த நாளுக்காகக் காத்திருக்காதே அம்மா. கிடைக்கிற லீவில் வந்துவிடு. உன்னை அழைக்க நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன், அவரும் வருவார். போனில் இனிமேல் கையைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே. எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வந்து இறங்கியதும் பாசத்தில் அப்பாவுடைய எந்தக் கை கிடைக்கிறதோ அதைப் பிடித்துவிடாதே. நீ பிடித்திருப்பது அவருக்குத் தெரிகிற கையாகப் பார்த்துப் பிடித்துக்கொள்.

உன்,
அம்மா