டேபிள் பண்ணிய தீர்மானம்

ஜூன் 9, திங்கள்

பூவாயி இன்று மத்தியானமே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த வருஷத்தில் மூன்றாவது முறை நீர்க்கடுப்பு. காலை ஏழு மணிக்குச் சூளைக்கு வந்தால் மாலை ஆறு வரை அடக்கிக்கொண்டுதான் பொம்மை அச்சு வார்க்கிறோம். முப்பது பெண்கள், ஒரு கழிப்பறைகூட இல்லை.

எங்கள் பொம்மைத் தொழிலாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. இரண்டு வருஷமாகச் சும்மாதான் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன் — பொதுச் சூளைக்குப் பின்னால் கிழக்கு மூலையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று. செயலாளர் பால்சாமி இரண்டு முறை படித்தார். அந்த மூலையில்தான் தனக்கோடி தன் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். எங்கள் குழுவிலேயே பெரிய கை அவர். படிக்கும்போது பால்சாமியின் முகம் மாறியதா? மாறிய மாதிரிதான் இருந்தது.

ஜூன் 14, சனி

பால்சாமி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்: “உங்க தீர்மானத்தை டேபிள் பண்ணியாச்சு.” அவ்வளவுதான்.

டேபிள் என்றால் மேசை. மேசைமேல் வைத்தாரா? மேசைக்குள் போட்டுப் பூட்டினாரா? எனக்குத் தெரிந்தது பத்தாம் வகுப்பு இங்கிலீஷ். அவர் முப்பது வருஷம் ஆபீஸில் டைப் அடித்தவர். தமிழில் சொல்ல வராதா இந்த மனுஷனுக்கு? அவரையே கேட்கலாம். கேட்டால், இதுகூடத் தெரியாமல் கமிட்டிக்கு வந்துவிட்டாள் என்பார்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி இனியவன் அமெரிக்காவிலிருந்து பேசினான். அவனிடம் கேட்டேன். அவன் ஆபீஸ் மீட்டிங்கில் அடிக்கடி அடிபடுகிற வார்த்தையாம்.

“டேபிள் பண்றதுன்னா ஓரங்கட்டி வச்சிட்றது, அக்கா. இப்போதைக்கு எடுக்க மாட்டாங்க. அப்படியே ஆறிப்போயிடும்.”

நினைத்தேன்.

ஜூன் 18, புதன்

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பால்சாமியும் தனக்கோடியும் ஒரே பெஞ்சில். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பால்சாமி கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீ சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

என்ன தாள் அது?

ஜூன் 22, ஞாயிறு

குழுவில் இருக்கும் மற்ற இரண்டு பெண்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். சொர்ணாம்பாள் உடனே நம்பினாள். விமலாராணி நம்பவில்லை. அவளும் பால்சாமியும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். “அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லக்கா” என்றாள். செய்தியைக் காட்டினேன். தம்பி சொன்ன அர்த்தத்தையும் சொன்னேன். அதற்கப்புறம் அவளும் சரி என்றாள்.

29ஆம் தேதி கூட்டத்துக்குள் போவதில்லை, கேட்டிலேயே நிற்பது என்று முடிவு. கூட்ட அறிவிப்பு உறையில் போட்டு வந்திருந்தது. மூன்று பேருமே பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டோம். படட்டும், உறைக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு



பத்து மணிக்கெல்லாம் கேட்டில் நின்றோம். ஆண்கள் ஆறு பேரில் நான்கு பேர்தான் வந்தார்கள். ஒருவர் கரும்பு லோடோடு பெண்ணாடம் மில்லில் இருக்கிறார், இன்னொருவர் மங்களூரில் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பத்தேகாலுக்குப் பால்சாமி வெளியே வந்தார்.

“கூட்டம் நடத்தக் கோரம் அஞ்சு பேரு வேணும். ஒரு ஆளு கொறையுது. உங்க மூணு பேர்ல ஒருத்தர் வந்து உக்காந்தா போதும்மா.”

எங்களில் ஒருத்தியை உள்ளே இழுத்துக் கணக்குக் காட்டி, நாலுக்கு ஒன்று என்று தோற்கடிக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“எதுக்கு? நீங்க ஓரங்கட்டுனத உக்காந்து வேடிக்கை பாக்கவா? தனக்கோடி அண்ணன் எவ்வளவு குடுத்தாருங்க உங்களுக்கு?”

எல்லோருக்கும் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, கோரம் இல்லை, அடுத்த ஞாயிறு இதே நேரம் என்று கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். சொர்ணாம்பாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஜெயித்த மாதிரிதான் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் இனியவன் போன். கூட வேலை செய்யும் சென்னைக்காரரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்தாராம்.

“அக்கா, இங்கதான் அந்த அர்த்தமாம். நம்ம ஊர்ல டேபிள் பண்றதுன்னா சபையில எடுத்து வக்கிறதாம். பேசி முடிவு பண்றதுக்கு.”

ஜூன் 30, திங்கள்

விடிந்ததும் சூளைக்குப் போனேன். இத்தனை நாள் திரும்பிக்கூடப் பார்க்காத அறிவிப்புப் பலகையில் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. முதல் பொருளே என்னுடையது. முன்மொழிபவர்: ஜெயஸ்ரீ. வழிமொழிபவர்: தனக்கோடி. டீக்கடையில் அவர் மடித்து வைத்த தாளும், நாங்கள் பிரிக்காமல் திருப்பிய உறையில் இருந்ததும் இதுதான்.

பின்னால் போய்ப் பார்த்தேன். கிழக்கு மூலை காலி. பெருக்கிக்கூட விட்டிருந்தார்கள். பெட்டிகளை எடுக்கத் தனக்கோடி இரண்டு நாள் ஆள் வைத்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

ஒரு வார்த்தை. அவரிடமே கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

ஜூலை 6, ஞாயிறு

தள்ளிவைத்த கூட்டத்துக்குக் கோரம் வேண்டாமாம், வந்தவர்கள் போதுமாம். எங்கள் சங்க விதி அப்படி. தனக்கோடி வரவில்லை. அவ்வளவு பேர் முன்னால் காசு கொடுத்துக் காரியம் சாதிக்கிற ஆளாக்கிவிட்டாள், இனி அந்தம்மா இருக்கும் இடத்துக்கு வர மாட்டேன் என்றாராம். நான் முன்மொழிந்தேன். வழிமொழிய யார் என்று கேட்டபோது பால்சாமியே கையைத் தூக்கினார். நிறைவேறியது. தன் கையாலேயே நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ராஜினாமாக் கடிதத்தை வைத்தார்.

“மன்னிச்சிடுங்கண்ணே. எனக்கு அர்த்தம் தெரியல” என்றேன்.

“பரவால்லம்மா. ஆனா சந்தேகம் வந்த எடத்துல உக்காந்து எழுத முடியாது.”

கோபமே இல்லை குரலில். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கழிப்பறைக்கு நேற்றுக் கதவு மாட்டிவிட்டார்கள். உள்தாழ்ப்பாள் போட்டுத் திறந்து போட்டுத் திறந்து பார்த்தாள் பூவாயி.

இன்று பால்சாமியின் வீட்டுக்குப் போனேன். திரும்பவும் செயலாளராக வரச்சொல்லிக் குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட கடிதம். அவர் மனைவி கதவருகிலேயே நின்று வாங்கிக்கொண்டார். “அவரு வூட்ல இல்லீங்க, பூசைக்குப் போயிருக்காரு” என்றார்.

மணி நாலுதான், கோயில் நடை இன்னும் திறந்திருக்காது. அவர் செருப்பு வாசலில் கிடந்தது.

சரிங்க, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.