ஒன்றாகக் கொட்டிய மாத்திரைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் திட்டாதே, இதற்கே இரண்டு நாள் ஆயிற்று. போனில் பேசலாம் என்றால் நாக்கு குழறுகிறது. தையல் இயந்திரத்தை உறை போட்டு மூடிவிட்டேன். ஊசியில் நூல் கோக்க முடிந்தால்தானே தைக்க.

அண்ணன் போய் ஒரு மாதம் ஆகிறது. கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்பாவின் ரத்தத்தோடு வந்த இந்த நரம்பு வியாதி அப்பாவை எப்படிக் கொண்டுபோனதோ, அப்படியேதான் அவனையும்.

உன் கடிதம் கிடைத்தது. இந்த வியாதிக்காகப் பத்து வருடமாக ஆய்வுக்கூடத்தில் நீ மல்லுக்கட்டிய அந்த இலை மருந்தால் பலன் இல்லை என்று முடிவாகி, ஆய்வையே மூடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

அந்த மருந்தைச் சோதிக்க மருத்துவமனையில் எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு புட்டி மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு, யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன், “ஒருத்தர் மட்டும் பொழச்சு என்ன பண்றது? ரெண்டையும் ஒண்ணாக் கொட்டு” என்றான். டப்பாவில் கொட்டிக் குலுக்கினேன். சின்ன வயதில் மிட்டாயைக் கடித்துப் பங்கு போடுவோமே, அந்தப் புத்திதான். ஒன்றரை வருடம் அப்படியே சாப்பிட்டோம். நர்ஸ் எண்ணிப் பார்க்க வரும் நாளில் சரிபாதியாகப் புட்டிகளில் திருப்பிப் போட்டு வைப்பேன். எண்ணிக்கை ஒருநாளும் தப்பவில்லை.

சோதனையில் மொத்தமே ஒன்பது பேர். அதில் இருவர் நாங்கள். உன் மருந்து தோற்றதா, நாங்கள் தோற்கடித்தோமா? அண்ணன் கையில் இருந்தது முழு மருந்தாக இருந்து, அதில் பாதியை நான் தின்றுவிட்டேனோ? உன் பெரிய டாக்டரிடம் இதைச் சொல். என்னை எவ்வளவு திட்டினாலும் சரி.

எனக்காகக் கேட்கவில்லை. எனக்குக் காலம் கடந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போன வாரம் வீடியோவில் நீ பேச, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். ஏன் என்று சைகையில் கேட்டதற்குக் குளிர் என்றாய். அண்ணனும் முதலில் குளிர் என்றுதான் சொன்னான்.

மறுபடி ஒரு முறை அந்த மருந்தைச் சோதிக்கச் சொல்லப்பா. உன் கையில் ஒரு புட்டி கொடுத்தால், அதிலிருந்து யாருக்கும் பங்கு கொடுக்காதே. எனக்கும்தான்.

நீயாவது நன்றாக இருக்க வேண்டும்.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த
அக்கா