புருவத்து வடுவும் முதலாம் பாடமும்

இஞ்சாரும் தவமணி,

நான்தான். முதலில் ஒரு செய்தி, சிரிக்காமல் கேளும். உம்முடைய மனுசன் புத்தகம் வாங்கியிருக்கிறான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பேப்பரில் மரண அறிவித்தல் தவிர வேறொன்றும் வாசிக்காதவன், அச்சுவேலியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், கொம்பியூட்டரில் போட்டோ திருத்துவது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கி வந்திருக்கிறான்.

சிரித்து முடிந்ததா? சரி. இனி நான் கோபப்படப் போகிறேன். ஏழு மாதமாக உள்ளே கிடந்து புளித்த கோபம்.

உம்முடைய முகத்தை அழித்துவிட்டார்கள்.

நீர் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் பெரிய படம் ஒன்று சட்டம் போட்டு வந்தது. கனடாவில் இருந்து எங்கள் மகள் சுகந்தி படத்தை அனுப்ப, டவுணில் ஒரு ஸ்ரூடியோவில் செய்தது. மாலை போடக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், தோல் உரித்த பனங்கிழங்கு நிறத்தில் ஒரு பெண் இருக்கிறாள். நீர் உடுத்தே இராத பட்டுச்சேலை. கழுத்தில் ஓர் அட்டியல். அதை உமக்கு வாங்கித் தந்தவன் ஆரென்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அதெல்லாம் போகட்டும். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்து கிடந்த வடுவைக் காணவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்ததுபோல் துடைத்துவிட்டு, அதற்குமேல் வில்லுப்போல ஒரு புருவம் கீறி வைத்திருந்தார்கள். வந்த சனம் எல்லாம் லட்சுமி மாதிரி இருக்கிறா என்றது. நான் பலமாகவே கேட்டேன்.

“உது ஆர்? என்ரை மனிசி எங்கை?”

துக்கத்தில் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று உம்முடைய தங்கச்சி பூமணி முடிவுகட்டினாள். கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தி, ஒரு தேத்தண்ணியைத் திணித்தாள். பைத்தியத்துக்கு மருந்து தேத்தண்ணி என்று உங்கள் குடும்பத்துக்கு ஆர் சொல்லித் தந்ததோ?

அடுத்த கிழமையே அந்த ஸ்ரூடியோவுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மீசைக்காரன் ஒருவன் இருந்தான்.

“தம்பி, இந்த மனிசிக்குப் புருவத்திலை ஒரு வடு இருந்தது. எங்கை எடுத்து வைச்சிருக்கிறீர்?”

“அது வடிவில்லை ஐயா. எல்லாருக்கும் துடைச்சுத்தான் குடுக்கிறனாங்கள்.”

“சந்தோசம். துடைச்சதைத் திருப்பி வையும்.”

“வைக்கிறதோ? எடுக்கத்தான் ஐயா தெரியும். வைக்கச் சொல்லி இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை.”

முப்பது வருடம் தோட்டங்களுக்கு இறைப்பு மெஷின் திருத்தியவன் நான். கழற்றத் தெரிந்து பூட்டத் தெரியாதவனை எங்கள் தொழிலில் மெக்கானிக் என்று சொல்வதில்லை. கள்ளன் என்றுதான் சொல்வது. அதை அவனுக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வடு எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. கலியாணம் முடித்து இரண்டு மாதம் ஆகவில்லை, சைக்கிள் பாரில் உம்மை இருத்திக்கொண்டு போனேன். நீர் பயந்து கத்துவதைக் கேட்க எனக்கு ஆசை. இரண்டு கையையும் விட்டேன். நீர் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். மதகுக் கட்டில் உம்முடைய நெற்றி. மூன்று தையல். கேட்டவர்களுக்கெல்லாம், “கிணத்தடியிலை வழுக்கினனான்” என்று சொன்னீர். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

மூலப்படத்தைக் கேட்கச் சுகந்தியோடு கதைக்க மனம் வரவில்லை, வேறு நல்ல படம் இருக்கிறதா என்று தேடினேன். நீர் எந்தப் படத்தில் ஒழுங்காக நின்றீர்? கமெராவைக் கண்டால் இடப் பக்கம் தெரியாமல் முகத்தைத் திருப்பிவிடுவீர். சுகந்தி விட்டுப்போன பழைய லப்டொப்பில் ஒரே ஒரு படம் அகப்பட்டது. கலியாண வீட்டுப் பந்தி. நீர் சிரித்தபடி நேரே பார்க்கிறீர். வடு சோக்காகத் தெரிகிறது. ஆனால் படம் ஒரே இருட்டு. உம்முடைய தோளில் ஆரோ ஒருவரின் முழங்கை, முன்னுக்கு ஒரு சாம்பார் வாளி.

முழங்கையையும் வாளியையும் வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டினால் போதும். வருடம் முடிய வருகிற ஆட்டைத் திவசத்துக்கு அந்தப் பனங்கிழங்கைக் கழற்றிவிட்டு இதைத்தான் மாட்டுவது என்று முடிவெடுத்தேன். ஸ்ரூடியோக்காரனிடம் கொடுத்தால் திரும்பவும் முகத்தில் கைவைப்பான். ஆகவே நானே படிக்க வேண்டியதாய்ப் போயிற்று.

டவுண் புத்தகக் கடையில் ஒரு கண்ணாடி போட்ட பெண்பிள்ளை நின்றாள்.

“பேரப்பிள்ளைக்கோ ஐயா?”

“ஏன், எனக்குப் படிப்பு வராது எண்டு மூஞ்சையிலை எழுதியிருக்கோ?”

“ஐயோ, அப்பிடிச் சொல்லேல்லை. உங்களிட்டை இருக்கிறது என்ன பதிப்பு?”

“புத்தகமே இன்னும் வாங்கேல்லைப் பிள்ளை. பிறகென்ன பதிப்பு?”

“புத்தகத்தின்ரை இல்லை ஐயா. லப்டொப்புக்குள்ளை இருக்கிற சொஃப்ட்வெயாரின்ரை. அதுவும் இதுவும் ஒத்துவராட்டி, புத்தகத்திலை காட்டுற பட்டன் உங்கடை திரையிலை இராது.”

நியாயமான பேச்சு. ஒரு கொம்பனி மெஷினுக்கு இன்னொரு கொம்பனியின் வால்வு பொருந்துமா? அடுத்த நாள் அந்தப் பதிப்பு இலக்கத்தைச் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டு திரும்பப் போனேன். ஓம், இன்னும் சிகரெட் பத்துகிறேன். அதற்கு நீர் பிறகு ஏசலாம்.

முதல் புத்தகம் இந்தியாவில் அடித்தது. மாட்டுக்கு எறிந்தால் மாடு விழும், அவ்வளவு தடிப்பு. எழுத்து கடுகு. ‘ஆரம்பநிலை வாசகருக்கு’ என்று மட்டையில் போட்டிருந்தது. திறந்தேன். முதலாம் பாடம்: முகத்திலுள்ள வடுக்களை நீக்குதல். மூடினேன்.

இரண்டாவது, முப்பதே நாளில் கற்கலாம் என்றது.

“முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் உவையளே செய்து தருவினமோ?” என்று கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நான் முதலாம் பாடத்தைப் பார்த்தேன். ஒரு கிழவியின் படம், இரண்டு தரம். இடது பக்கத்தில் சுருக்கத்தோடு, மச்சத்தோடு, நாடியில் ஒரு தழும்போடு. வலது பக்கத்தில் ஒன்றுமில்லை. கழுவின கோப்பை மாதிரி ஒரு முகம். கீழே பெருமையாக, ‘முன், பின்’.

எனக்கு வந்ததே ஒரு விசர்!

“பிள்ளை, இந்த மனிசி உவங்களுக்கு என்ன குற்றம் செய்தவ? அவ உந்தச் சுருக்கத்தைச் சேர்க்க எத்தினை வருசம் பட்டிருப்பா! உவன் ஒரு பக்கத்திலை துடைச்சுப்போட்டு, அதுக்கு முதலாம் பாடமெண்டு பேரும் வைச்சிருக்கிறான். பிள்ளையளுக்கு அரிச்சுவடியே அழிக்கிறதோ?”

கடையில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது.

“ஐயா, மெல்லக் கதையுங்கோ,” என்றாள் அவள். பிறகு குனிந்து, கீழ்த் தட்டில் இருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்தாள். இங்கேயே ரியூசன் வாத்தியார் ஒருவர் எழுதி அடித்தது. கறுப்பு வெள்ளை. நடுவில் இரண்டு கம்பி குத்தியிருந்தது.

“இது வடிவில்லை எண்டு ஒருத்தரும் எடுக்கிறேல்லை.”

முதலாம் பாடம்: மூலப்படத்தை ஒருபோதும் தொடாதீர், பிரதி எடுத்து அதில் வேலை செய்யவும். இரண்டாம் பாடம்: பிழைவிட்டால் பின்னுக்குப் போவது எப்படி. வடு நீக்குவது பதினோராம் பாடத்தில்தான் வந்தது. ஒரு முகத்தில் கைவைக்க முதல் பத்துப் பாடம் காத்திருக்கிற மனுசனை நம்பலாம். அதையே வாங்கினேன். பெண்சாதியின் முகத்தைப் பறிகொடுத்த வேறு கிழவர் ஆரும் இதை வாசித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: தடிப்பைப் பார்க்காதையுங்கோ, முதலாம் பாடத்தைப் பாருங்கோ.

வீட்டுக்கு வந்து மூன்றாம் பாடம். ‘மூலப்படத்துக்கு மேலே புதிய படை ஒன்றை வைக்கவும்’ என்றிருந்தது. நவராத்திரிக்கு இறைப்பு மெஷினுக்கும் பொட்டு வைத்துப் படைக்கிற ஊர்தானே? வாத்தியார் நல்ல சைவக்காரர் போல என்று நினைத்தேன். வாழையிலைத் துண்டு ஒன்று வெட்டி, இரண்டு கதலிப்பழமும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தேன். மேலே வைக்க இடமில்லாதபடியால் லப்டொப்புக்கு முன்னால் வைத்தேன்.

பூமணி உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள்.

“என்ன அத்தான், லப்டொப் விரதமோ?”

“புத்தகத்திலை படைக்கச் சொல்லியிருக்கு.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். எழும்பினதும் முதல் வேலையாகப் போனில் சுகந்தியைக் கூப்பிட்டு, இலையையும் பழத்தையும் காட்டினாள். அங்கே அவளும் சிரிக்கிறாள்.

“அப்பா, படையெண்டா சாமிக்குப் படைக்கிறது இல்லை. கண்ணாடித் தாள் மாதிரி ஒண்டு. அதுக்கு மேலைதான் வேலை செய்யிறது. கீழை படம் அப்பிடியே இருக்கும்.” சிரிப்பு நின்றது. “ஏன் அப்பா உந்தப் படத்தோடை இப்பிடி மல்லுக்கட்டுறியள்?”

“கொம்மாவின்ரை முகத்தை உன்ரை ஸ்ரூடியோக்காரன் கெடுத்துப்போட்டான். அந்த வடு...”

“அதை எடுக்கச் சொன்னது அவன் இல்லை அப்பா.”

“அப்ப நீயோ?”

“நானுமில்லை. அம்மா.”

பூமணி போனை என் கையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை போனிலை சொன்னவ. ‘உன்ரை அப்பர் என்னைப் பாக்கேக்கை முதல் புருவத்தைத்தான் பாக்கிறவர், பிறகுதான் கண், என்ரை படத்திலை உந்த வடுவை எடுத்துவிடு, நான் போனபிறகாவது மனிசன் நேரை கண்ணைப் பாக்கட்டும்’ எண்டு.”

அப்போ, கள்ளி நீர்தான்!

ஸ்ரூடியோக்காரனை ஏசினேன், புத்தகக் கடையில் கத்தினேன், பெற்ற பிள்ளையோடு ஏழு மாதமாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவ்வளவு ஏச்சும் உமக்குச் சேரவேண்டியது. கறிக்கு உப்பில்லை என்று நான் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கப் பதில் சொல்லுகிற வாய்தானே உம்முடைய வாய்? இதை மட்டும் ஏன் விழுங்கினீர்? மகளுக்குச் சொல்லலாம், தங்கச்சிக்குச் சொல்லலாம், பக்கத்தில் படுத்துக் கிடந்த எனக்குச் சொல்லக்கூடாதா?

ஓம், முதலில் புருவத்தைத்தான் பார்த்தேன். காலையில் தேத்தண்ணி தரக் குனிவீர், கண் அங்கேதான் போகும். உடனே ஒரு பகிடி விடுவேன், உம்முடைய நடையைப் பற்றி, உங்கள் அப்பாவின் மூக்கைப் பற்றி. ஊர் என்னைப் பகிடிக்காரன் என்றது. அத்தனை பகிடியும் எதை மறைக்க என்று உமக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் இன்னும் கூடக் கோபம் வருகிறது.

ஆனால் தவமணி, நீர் பிடித்த மருந்து பிழை. சுவரில் இருக்கிறவளின் கண்ணை இந்த ஏழு மாதத்தில் ஒரு தரமும் நான் பார்க்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் கண்ணை இந்த வயதில் நான் ஏன் பார்க்கவேண்டும்?

நேற்று முழங்கையை வெட்டினேன். வாளியில் பாதி போய்விட்டது, மற்றப் பாதி உம்முடைய கையை விடமாட்டேன் என்கிறது. மூன்று தரம் உம்முடைய காதையும் சேர்த்து வெட்டிவிட்டேன். இரண்டாம் பாடம் படித்திருந்தபடியால் காது தப்பியது. பதினோராம் பாடத்தின் தாள்களைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டேன், தவறியும் திறக்காதபடி. பிறகு வெளிச்சத்தைக் கூட்டினேன். இருட்டுக்குள் இருந்து முகம் மேலே வந்தது. கண்ணைப் பார்க்கத்தான் நினைத்தேன். பார்வை புருவத்துக்கு ஓடிவிட்டது. திரும்ப முயன்றேன். திரும்பவும் ஓடிவிட்டது.

நீர் கேட்டதில் பாதியைத்தான் தருவேன். அந்த வடு உம்முடைய முகத்தில் இருந்தபடியே சுவரில் இருக்கும். அதில் உம்முடைய சொல் கேட்கமாட்டேன், வேண்டுமென்றால் வந்து ஏசும். மற்றப் பாதிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் லப்டொப்பைத் திறந்து வைத்துப் பழகுகிறேன். ஆட்டைத் திவசத்தன்று மாலையைப் போட்டுவிட்டு, எல்லாச் சனத்துக்கும் முன்னால், முதலில் உம்முடைய கண்ணைப் பார்ப்பேன். அன்றைக்குப் பகிடி ஒன்றும் விடமாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உம்முடைய மனுசன்.