ரத்தம் வந்த பக்கம்

அன்பு குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் நலம், அப்பா பாதி நலம். போனில் சொல்லலாமென்றால் போனை எடுத்ததுமே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு ஈறு கெட்டுப்போய் முன்பல் இரண்டு ஆடுகிறது. டிரம்பெட்டை வாயில் வைத்து அழுத்தினால் ரத்தம். பேண்டு குழுவில் இப்போது டிரம் தட்டச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் அவர் செய்த கைவைத்தியம். பல் துலக்கும்போது ரத்தம் வந்ததும், புண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று அந்தப் பக்கம் பிரஷ்ஷே படாமல் விட்டிருக்கிறார். உதடு வெடித்தால் ஊதாமல் இருந்து ஆற்றிக்கொள்வாரே, அதே கணக்கு. பல் டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். துலக்காத இடத்தில் கிருமி பாசி மாதிரி படிந்து ஈறுக்குள் இறங்கிவிடுமாம். அதை விரட்ட உடம்பு அங்கே ரத்தத்தைத் திரட்டுவதால்தான் வீக்கமும் சிவப்பும். கிருமி போகாதவரை உடம்பும் விடாதாம். “கிருமியோட உங்க உடம்பு போடுற சண்டையிலதான் பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரையுது, ரத்தம் வர்ற இடத்தைத்தான் விடாம துலக்கணும்” என்று திட்டாத குறையாகச் சொன்னார். கரைந்தது பெரும்பாலும் திரும்பாதாம், ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாமாம். இவரோ, சுரண்டினால் பல் கையோடு வந்துவிடும், அப்புறம் ஊதவே முடியாது என்ற பயத்தில், சுத்தம் செய்துகொள்ளப் போகமாட்டேன் என்கிறார். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சமைப்பதைக் குழைய வேகவைத்து, ஆற வைத்து, அவர் மென்று முடிக்கிற வரை காத்திருந்து, என் நாள் போகிறது.

போன தடவை நீ, “அப்பா ஏன்மா எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல, நான் இவ்வளவு தூரம் வந்ததுல இன்னும் கோபமா” என்று கேட்டு அழுதாய். அவருக்கு உன்மேல் கோபமே இல்லையடி. நீ வீடியோவில் வருகிற நேரத்துக்கு முன்னால் கண்ணாடி முன் நின்று, பல் தெரியாமல் சிரித்துப் பார்த்துக்கொள்கிறார். சரியாக வராவிட்டால் சிரிக்காமலே வந்து உட்காருகிறார்.

நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. அப்பா ஊதிக் கேட்கணும் என்று மட்டும் சொல், நீ கேட்டால் சுத்தம் செய்ய டாக்டரிடம் போவார். உனக்கும் ரத்தம் வந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடாதே. இருவரும் நன்றாக இருங்கள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இருங்கள்.

அலுப்போடும் ஆசையோடும்,
உன் அம்மா