அசைவு என்று எழுதினேன், மதினி

மதினி,

வட்டகொடை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் உங்கள் காகிதம். தலையில் கம்பிகளைப் பொருத்தி, மூளையின் மின்சாரத்தை எட்டுப் பேனாக்கள் கோடுகளாக வரைந்த நீளக் காகிதம். ஆஸ்பத்திரியில் பழைய காகிதக் கட்டுகளை எரிக்கச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை பிரித்துப் பார்க்கையில் உங்கள் பெயர் கண்ணில் பட்டது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு லிந்துலைத் தோட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், தேயிலைச் செடி வரிசையில், கொழுந்து பறிக்கும் நிரையில், நீங்கள் விழுந்தீர்கள். பல் கிட்டி, கண் செருகிக் கிடந்தீர்களாம். பிறகு மாதந்தோறும் அப்படியே. வேலைக்கு வராமலிருக்க நடிக்கிறாள் என்றார் கங்காணி. நான்தான் உங்களைக் கொழும்புக்கு வரவழைத்தேன். அங்கே ஆஸ்பத்திரியில் அந்தக் கருவியோடு வேலை செய்பவன் நான்.

கம்பிகளை மாட்டும்போது டாக்டர் கேட்டார்: "உமக்குச் சொந்தமோ?"

"இல்லீங்க, ஊர்ப்பக்கம்" என்றேன். தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள்.

ரயிலில் வந்த களைப்பு, சீக்கிரம் தூங்கிப்போனீர்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காகிதம் ஓடியது. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, விழிப்பு, உறக்கம், அசைவு, வலிப்பு என்று சிவப்புப் பென்சிலால் வகை குறிப்பது என் வேலை. வலிப்பு என்று நான் குறித்ததை மட்டும் டாக்டர் பார்ப்பார். உறக்கத்தில் நான்கு இடங்களில் எட்டுப் பேனாக்களும் ஒன்றாகத் துள்ளியிருந்தன. மூன்று நான்கு நொடிகள்தான். தலையை அசைத்தாலும் பேனா துள்ளும்.

"தூக்கத்துல தலைய ஆட்டுனீங்களா மதினி?"

"ஆடலையே தம்பி. நீங்க அசையாதீங்கன்னு சொன்னீங்கல்ல. கண்ணு சொக்குறப்பவும் அதத்தான் நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

தூங்குகிறவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அது மட்டுமில்லை. வலிப்பு என்று குறித்தால் டாக்டர் துருவிக் கேட்பார், உறவு வெளிப்பட்டுவிடும். நான்கு இடத்திலும் 'அசைவு' என்று எழுதினேன். மூளையில் கோளாறு இல்லை என்று டாக்டர் கடிதம் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தைக் கங்காணி பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், எல்லோர் முன்னும் வாசித்தாராம். "கொழும்பு டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே விழுந்தா யாரும் தூக்கப்படாது."

யாரும் தூக்கவில்லை. ஐப்பசி மழையில் தேயிலைக்கு நடுவே ஓடும் கானில், மழைநீர் வாய்க்காலில், நீங்கள் குப்புற விழுந்தீர்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர். பக்கத்து நிரைக்காரிகள் பார்த்துவிட்டு, "எந்திரிச்சு வருவா" என்று கொழுந்து பறித்துக்கொண்டே போனார்கள். அந்தத் தண்ணீரிலேயே உங்கள் மூச்சு நின்றது. அவர்களை நான் எப்படிக் குறை சொல்வது?

இத்தனை வருஷத்தில் எவ்வளவோ தலைகளின் கோடுகளைப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை உங்களுடையதை விரித்ததும் தெரிந்தது. கூரான ஒரு துள்ளல், அதன் பின்னால் மெதுவான ஓர் அலை. நான்கு இடத்திலும் அதே வலிப்பு வடிவம். அசைவு இப்படி ஒழுங்காக வராது. நீங்கள் சொன்னது உண்மை.

இன்று காலை அண்ணனிடம் போனேன். காகிதத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டினேன். "மதினி நடிக்கல" என்றேன்.

நான் விரல் வைத்த இடங்களை அண்ணன் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்பவே ஒனக்குச் சந்தேகம் இருந்துச்சாடா?"

"இருந்துச்சு."

"நானும் அவள நம்பலையேடா" என்றார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் என்னை அடித்திருக்கலாம், மதினி. அடித்திருந்தால் இந்தப் பாரத்தில் கொஞ்சத்தையாவது அந்த வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பேன்.